இரண்டு முறை அடிக்கோடிட்ட வரி

அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய டைரி ஒன்று கையில் சிக்கியது. எனக்கு 24 வயதில் எழுதியது. எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் எழுத்து கலங்கலாகவே தெரிந்தது. கண்ணாடியைத் தேடி (தலைமேல்தான் இருந்தது, வழக்கம்போல) மாட்டிக்கொண்டு படித்தேன். 'இன்றோடு முடிந்தது. இனி இவன் முகத்தில் விழிக்கமாட்டேன்.' கீழே இரண்டு முறை அடிக்கோடு. அழுத்திய அழுத்தத்தில் அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்திருந்தது.

அந்த 'இவன்' யார் தெரியுமா? ஞாயிறு தவறாமல் போன் செய்து அரைமணி நேரம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறானே, அவன்தான்.

என்ன சண்டை? சத்தியமாக நினைவில்லை. முன்னும் பின்னும் புரட்டினேன். கோபம் பக்கம் பக்கமாக இருக்கிறது, காரணம் ஒரு வரிகூட இல்லை. இதெல்லாம் மறந்துபோகும் என்று அந்தப் பையனுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

அவனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு என்னையும் சேர்த்தே பிடித்துக்கொண்டது. 18 முதல் 68 வயது வரை 19,000 பேருக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டிருக்கிறார்கள்: சிலரிடம், கடந்த பத்து வருடத்தில் எவ்வளவு மாறினீர்கள்; மற்றவர்களிடம், வரும் பத்து வருடத்தில் எவ்வளவு மாறுவீர்கள்? எல்லா வயதுக்காரர்களும் ஏறக்குறைய ஒரே பாட்டு. 'அப்பாடா, நிறைய மாறிவிட்டேன். இனி பெரிதாக ஒன்றும் மாறாது.' இருபதில் சொன்னதையே ஐம்பதிலும் சொல்கிறோம். இளையவர்கள் கூடுதலாக மாறுவதென்னவோ உண்மை. ஆனால் வரப்போவதைக் குறைத்து எடைபோடுவதில் எந்த வயதும் விதிவிலக்கில்லை.

வெள்ளெழுத்தும் இப்படித்தான். நாற்பதைத் தாண்டியதும் திடீரென்று கண் கெட்டுவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறது. பத்து வயதில் ஏழெட்டு சென்டிமீட்டர் கிட்டத்தில் வைத்தும் படிக்க முடியும். அந்தத் தூரம் வருடத்துக்கு வருடம் நழுவுகிறது, நமக்கு உறைப்பதில்லை. ஒருநாள் கையின் நீளம் போதாமல் போகும்போதுதான் டாக்டரிடம் ஓடுகிறோம்.

வயதானால் பக்குவம் வரும் என்பதையும் நான் முழுதாக நம்புவதில்லை. முன்பெல்லாம் வாக்குவாதம் என்றால் கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்கவேண்டும். இப்போது 'சரி, விடு' என்று எழுந்துவிடுகிறேன். வீட்டில் அதைப் பொறுமை என்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, பாதி பொறுமை, பாதி அலுப்பு. கோபப்பட்டால் அப்புறம் ராத்திரி தூக்கம் போய்விடுகிறது, அவ்வளவுதான். என்னைவிட மூத்தவர்களில் கனிந்தவர்களும் உண்டு, காய்ந்து முறுக்கிக்கொண்டவர்களும் உண்டு. சின்ன வயதில் எப்படி இருந்தார்களோ அதுவே இன்னும் கெட்டியாகிவிட்டவர்களும் உண்டு. வயது எல்லாருக்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டபோது அந்த வரியைப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான். கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன்: "எதுக்குடா சண்டை போட்டோம்? உனக்காவது ஞாபகம் இருக்கா?"

இதற்குச் சிரிப்பு வரவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை.

"இருக்கு" என்றான். அப்புறம், "அதை விடுடா. இந்த மழைக்கு முட்டி மறுபடியும் பிடிச்சுக்கிச்சு."