மூக்கைக் குறைத்து விலையைக் கூட்டிய கதை

எதிர்வீட்டார் பணிமாற்றலாகி ஊரைவிட்டுப் போகும்போது எங்களிடம் விட்டுச்சென்ற சாம்பல் நிறப் பெர்சியன் பூனைக்கு இப்போது ஐந்து வயதாகிறது. பஞ்சுப்பொதி போல வந்து சேர்ந்ததால் பெயரும் பஞ்சு என்றே நிலைத்துவிட்டது. அதற்கு ஒரு துணை வாங்கலாம் என்று சென்னையில் சில செல்லப்பிராணிக் கடைகளில் ஏறி இறங்கியபோதுதான், இந்த இனத்தை எந்த அளவுகோலை வைத்து விற்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. மூக்கு வெளியே தெரிந்தால் 'டால் ஃபேஸ்', சற்று அமுங்கியிருந்தால் 'செமி பஞ்ச்', இரண்டு கண்களுக்கும் நடுவே பொத்தானைப் பதித்ததுபோல் இருந்தால் 'பஞ்ச்', அதையும் தாண்டினால் 'எக்ஸ்ட்ரீம் பஞ்ச்'. மூக்கு உள்ளே போகப் போக விலை மேலே போகிறது. என் கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்த ஒரு கடைக்காரர், "உங்களோடது பஞ்ச் இல்ல சார், வெறும் பஞ்சு" என்று சிரித்தார். நகைச்சுவையை ரசித்தேன், அந்த விலைப்பட்டியலை மட்டும் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பூனை உலகப் புகழ் பெற்றது முகத்தால் அன்று, முடியால். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் பயணம் செய்த ரோமாபுரிப் பிரபு பியத்ரோ தெல்லா வால்லே, கொராசான் பகுதிப் பூனைகளின் பட்டுப் போன்ற நீண்ட சாம்பல் முடியை வியந்து எழுதி, அவற்றை இத்தாலிக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வெயர் ஏற்பாடு செய்த பூனைக் கண்காட்சியிலும் பெர்சியன் பூனைகள் இடம்பெற்றன. அந்தக் காலத்துப் படங்களைப் பாருங்கள். தெளிவான மூக்குத்தண்டோடு, எந்தச் சாதாரணப் பூனைக்கும் உள்ள முகம்தான் இருக்கும். நம் கடைக்காரர் மலிவு விலையில் தள்ளிவிடும் 'டால் ஃபேஸ்' அதற்குத்தான் நெருக்கமானது. தட்டை முகம் என்பது கண்காட்சிப் பரிசுகளைக் குறிவைத்து, 20ஆம் நூற்றாண்டில் வளர்ப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. போகிற போக்கில் இன்னொன்று: 2008இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இன்றைய பெர்சியன் பூனைகள் மேற்காசியப் பூனைகளைவிட மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருக்கமாக இருப்பதைக் காட்டியது. ஊர்ப்பெயரைப் பலகையில் எழுதிவிட்டு வேறு ஊரில் கிண்டுகிற அல்வாவைப் போலத்தான் இதுவும்.

மண்டையோட்டின் முன்பகுதியைச் சுருக்கினாலும் அதனுள் இருக்க வேண்டியவை அதே அளவில் சுருங்குவதில்லை. கண்ணீர் மூக்குக்குள் வடிய வேண்டிய மெல்லிய குழாய் மடங்கி நெளிந்துவிடுவதால், கண்ணீர் வெளியே வழிந்து முகத்தில் பழுப்புக் கோடாகப் படிகிறது. கடையில் இதைக் கேட்டால் "பெர்சியன்னா அப்படித்தான்" என்பார்கள். பற்கள் வரிசை தவறுகின்றன. பிதுங்கிய கண்களின் கருவிழியில் புண் எளிதில் வருகிறது. மூச்சு வாங்குவதால் வெயில் காலம் பெரும்பாடாகிறது. தலை பெரிதான குட்டிகளை ஈனத் தாய்ப்பூனை திணறுகிறது. தட்டிலிருக்கும் உணவைப் பல்லால் கவ்வ முடியாமல் நாக்கின் அடிப்புறத்தால் ஒட்டி எடுக்கும் 'பஞ்ச்' முகப் பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். பார்ப்பவர்கள் அதையும் அழகு என்று காணொளி எடுக்கிறார்கள். பிரிட்டனில் பூனை இனங்களைப் பதிவு செய்யும் ஜி.சி.சி.எஃப் அமைப்பு, மூக்குநுனியின் மேல்விளிம்பு கீழ் இமையின் விளிம்பைத் தாண்டி மேலே போகக்கூடாது என்று தன் விதியில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. நம் சந்தையில் அந்தக் கோட்டுக்கு மேலேதான் வியாபாரமே தொடங்குகிறது.

முகத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் முடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை, வாழ்நாள் முழுவதும் நம் கை படப்போவது அதில்தான் என்றாலும். வெளிமுடிக்கு அடியில் நெருக்கமான உள்முடி இருக்கிறது. அது உதிர்ந்து வெளியேற வழியின்றி வெளிமுடிக்குள் சிக்கிக்கொள்கிறது. காதின் பின்புறம், முன்னங்கால் அக்குள், வயிறு, பின்தொடை ஆகிய இடங்களில் இரண்டு நாள் விட்டால் சிக்கு விழும், ஒரு வாரம் விட்டால் அது தோலோடு இறுகிய சடையாகிவிடும். முதல் மாதத்தில் நான் செய்த பிழை, சிக்கை எடுக்காமல் குளிப்பாட்டியது. நனைந்ததும் சிக்கு கம்பளி போல இறுகி, கடைசியில் மருத்துவர் மழித்துத்தான் எடுத்தார். இப்போது தினமும் இரவு பதினைந்து நிமிடம், அகலப் பல் எஃகுச் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி வேரை நோக்கி வாருகிறேன். முடியில் வட்டமாக வழுக்கை தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். நமக்கு வரும் படர்தாமரையைப் போன்ற பூஞ்சைத் தொற்று இந்த இனத்துக்கு எளிதில் வரும், அதிலிருந்து வீட்டாருக்கும் ஒட்டும்.

இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். சிறுநீரகத்தில் இருப்பது தெரியாது. பெர்சியன் பூனைகளில் பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோயில், பிறவியிலேயே இருக்கும் கட்டிகள் மெல்லப் பெருத்து, பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டித்தான் தொல்லையைக் காட்டத் தொடங்கும். அதற்குள் அந்தப் பூனை பலமுறை குட்டி போட்டிருக்கும். பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வர வாய்ப்புண்டு. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் எடுத்த பழைய கணக்கெடுப்புகளில், சோதித்த பெர்சியன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்நோய் காணப்பட்டது. இதற்குக் காரணமான மரபணுப் பிழை 2004இல் கண்டறியப்பட்டது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்தே சோதிக்கலாம், பத்து மாதத்துக்கு மேற்பட்ட பூனையானால் ஸ்கேனும் போதும். இனவிருத்திக்கு விடும் பூனைகளை மட்டும் சோதித்தாலே குறைத்துவிடக்கூடிய நோய் இது.

ஆகவே கடைகளில் நான் மூக்கைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, "தாய்க்கும் தகப்பனுக்கும் சிறுநீரகச் சோதனை செய்த சீட்டு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன். ஒருவர் தடுப்பூசி அட்டையை நீட்டினார், இன்னொருவர் முடியின் அடர்த்தியைக் காட்டி 'ட்ரிபிள் கோட்' என்று பேச்சை மாற்றினார். துணைக்குட்டி இன்னும் வாங்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்யும்முன் என் வீட்டுப் பூனையைப் பார்க்க வேண்டுமே என்று பஞ்சுவுக்குப் போன வாரம் ஸ்கேன் எடுத்தோம். கட்டி எதுவும் இல்லை. ஸ்கேனுக்காக வயிற்றில் மழித்த இடத்தில் முடி இப்போதுதான் அரும்புகிறது. இரவில் வாரும்போது சீப்பு அந்த உள்ளங்கை அகலத்தில் மட்டும் எங்கும் சிக்காமல் போகிறது.