99 டிகிரி "லிமிட்டுக்குள்ள"தானாம்!

"தம்பி, ஓவர்கிளாக் பண்ணா சூடு வரத்தான் செய்யும். கம்பெனிக்காரனே 100 வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கான். உனக்கு 99தானே காட்டுது? லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, எடுத்துட்டுப் போ."

இந்த வசனத்தைக் கேக்காதவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, கையெடுத்துக் கும்பிடறேன். இந்த வாரம் இது அரங்கேறினது கிருஷ்ணகிரியில ஒரு சர்வீஸ் கடையில. காவேரிப்பட்டணத்துப் பையனோட கம்ப்யூட்டர், ஓவர்கிளாக் பண்ணது, அதாவது கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல சிப்பை ஓட்டறது. இன்டெல் ஐ5-12600கே சிப்பு, அதோட சூட்டை இறக்க மேல மாட்டின ரெண்டு ஃபேன் வச்ச பெரிய டவர் கூலர், பெரிய கோர் எல்லாமே 5.0 கிகாஹெர்ட்ஸ், வோல்ட்டேஜ் 1.4ல லாக். அந்த 1.4க்கு அப்புறம் வரேன், அதுக்குத் தனியா திட்டு இருக்கு.

முதல்ல அந்த 100. டிஜே மேக்ஸ்னு, அதாவது சிப்போட உச்சகட்ட சூடுன்னு போட்டிருக்கிற நம்பர், "இதுவரைக்கும் ஜாலியா ஓட்டு"ன்னு குடுத்த அனுமதிச் சீட்டு இல்லைங்க. அதைத் தொட்டா சிப்பு உயிருக்குப் பயந்து தன் வேகத்தைத் தானே வெட்டிக்கும். தொப்பூர் இறக்கத்துல ஓரமா சுவர் கட்டியிருக்காங்க. சுவர் இருக்கேன்னு அதுல உரசிக்கிட்டேவா லாரியை இறக்குவீங்க? 99லயே ஆணி அடிச்ச மாதிரி நிக்குதுன்னா, "ஒரு டிகிரி மிச்சம் இருக்கு"ன்னு அர்த்தம் இல்லை. ஏற்கெனவே வெட்டிக்கிட்டு இருக்கு. பையன் மெஷின்ல சினிபெஞ்ச்னு சிப்பை முழுசா வேலை வாங்கற டெஸ்ட்டை ஓட்டின உடனேயே 5.0 போய் 3.7. சூடு, வேகம் எல்லாம் காட்டற எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல தெர்மல் த்ராட்லிங்னு, அதாவது சூட்டால வேகத்தை வெட்டுதான்னு சொல்ற ஒரு வரி இருக்கு, அதுல "யெஸ்"னு சிவப்பா எரியுது. அதைத் திறந்து பாக்கக்கூட ஆள் இல்லை. ஓவர்கிளாக் பண்ணாம விட்டிருந்தா இதைவிட வேகமா ஓடியிருக்கும்!

எல்லா சிப்புக்கும் ஒரே நம்பரும் கிடையாது. இன்டெல் 12, 13, 14வது தலைமுறையில பேர் கடைசியில கே போட்ட சிப்புகளுக்கு 100. கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு 105. ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5600எக்ஸ்னா 95, 5800எக்ஸ்னா 90, 7800எக்ஸ்3டின்னா 89. ரைசன் 7000ல எக்ஸ் போட்ட பெரிய சிப்புகள் முழு லோடுல 95 வரைக்கும் தானே ஏறும், ஏஎம்டி அதை அப்படித்தான் வடிவமைச்சிருக்கு. ஆனா அது கம்பெனி வச்ச வோல்ட்டேஜ்ல. நீங்க கையால வோல்ட்டேஜை ஏத்தி வச்சுட்டு "ஏஎம்டியே 95 ஓகேங்கிறான்"னு சொல்லக்கூடாது. 100 போட்ட சிப்பை ஓவர்கிளாக் பண்ணா முழு லோடுல 80லேருந்து 85, கேம்ல 60லேருந்து 75. எந்தச் சிப்பா இருந்தாலும் டிஜே மேக்ஸுக்குக் கீழ 15 டிகிரி காலியா இருக்கணும்.

அந்த 15 எதுக்குன்னா, நம்ம ஊர் வெயிலுக்கு. ஃபேன் வச்ச எந்த சிப்பு கூலரும் ரூம் சூட்டுக்குக் கீழ சிப்பைக் கொண்டுபோகாது. ரூம் 14 டிகிரி ஏறினா சிப்பும் கிட்டத்தட்ட அதே 14 ஏறும். டிசம்பர் காலையில ஓசூர்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு டெஸ்ட் பண்ணி "85தாங்க வருது, சூப்பர்"னு மார்தட்டறவங்க, அதே செட்டிங்கோட மே மாசம் மதியம் ரெண்டு மணிக்குத் தர்மபுரியில, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில ஓட்டிக் காட்டட்டும். ரூம் எவ்வளவுன்னு சொல்லாம சிப்பு எவ்வளவுன்னு சொல்றது, எதுல அளந்தேன்னு சொல்லாம "நாலு அளந்தேன்"னு சொல்ற மாதிரி.

சரி, கடைக்கு வருவோம். பையன் ஒரு தடவை இல்லை, மூணு தடவை போயிருக்கான்.

முதல் தடவை: "பேஸ்ட் காஞ்சிருக்கும் தம்பி." பேஸ்ட்னா சிப்புலேருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்த நடுவுல தடவற பசை. வாங்கி ஒரு மாசமே ஆன மெஷின்ல அது காஞ்சிருச்சாம்! கூலரைக் கழட்டித் துடைச்சு புதுசா போட்டுக் குடுத்தாங்க. 99.

ரெண்டாவது தடவை: "அந்த பேஸ்ட் சரியில்லை, காஸ்ட்லி பேஸ்ட் போடணும்." கழட்டி, துடைச்சு, காஸ்ட்லி பேஸ்ட். 99.

மூணாவது தடவை: "பேஸ்ட் பத்தலை." சப்பாத்திக்கு ஜாம் தடவற கணக்கா ரெண்டு பக்கமும் அப்பி, சாக்கெட் ஓரமெல்லாம் வழிஞ்சு. 99. அப்பத்தான் அந்த மகா வசனம்: லிமிட்டுக்குள்ளதான் இருக்கு.

வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ஓட்டினா, டெஸ்ட்டை அழுத்தின ரெண்டே செகண்ட்ல 45லேருந்து 99. கூலர் தகட்டைத் தொட்டா ஜில்லுனு இருக்கு. ஜில்லுனு! இதுக்கு மேல என்ன துப்பு வேணும்? சூடு சிப்பை விட்டு வெளியவே வரலைன்னு அது கத்திச் சொல்லுது. ஒழுங்கா உக்காந்த கூலர்னா சட்டுனு 65, 70க்குத் தாவி, அப்புறம் உலோகம் சூடேற ஏற நிமிஷக் கணக்குல மெதுவா ஏறும். தகடும் கொதிக்குது, சிப்பும் கொதிக்குதுன்னா காத்து, தூசு, இல்லைன்னா வோல்ட்டேஜ் பிரச்சினை. தகடு ஜில், சிப்பு கொதின்னா ரெண்டும் ஒழுங்கா ஒட்டலை. இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேணாம், விரல் போதும்.

கழட்டினா, கூலர் அடியில ஃபிலிம். பேக்கிங்கோட வந்த, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஃபிலிம். உரிக்கவே இல்லை. "மாட்டறதுக்கு முன்னாடி உரிச்சுடு"ன்னு அதுமேலேயே சிவப்பு எழுத்துல அச்சடிச்சிருக்கு. அந்த எழுத்து மேல பேஸ்ட். அதாவது மூணு தடவையும் அந்த ஃபிலிமை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊத்தி பளபளன்னு துடைச்சு, எழுத்து நல்லாத் தெரியற மாதிரி துடைச்சு, அதுமேலேயே பேஸ்ட் போட்டிருக்காங்க. வெப்பம் கடத்தறதுல செம்பு ஏறத்தாழ 400னா, நல்ல பேஸ்ட் 8, 10 இருக்கும். பிளாஸ்டிக் 0.2. அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவுல பலகையை வச்சுட்டு, விறகு சரியில்லைன்னு மூணு தடவை விறகை மாத்தியிருக்காங்க.

ஃபிலிமை உரிச்சாச்சு. நடுவுல பட்டாணி அளவு பேஸ்ட், திருகாணி ஒரே மூலையை முழுசா இறுக்காம குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா. அவ்வளவுதான் வேலை.

இப்ப அந்த 1.4. யாரோ வீடியோவுல சொன்னாங்களாம். சிப்பு தின்ற மின்சாரம் வேகத்துக்கு நேர் கணக்கு, வோல்ட்டேஜுக்கு வர்க்கக் கணக்கு. 1.2ல 4.5 ஓடற சிப்பை 1.4ல 5.0 ஓட்டினா வேகம் 11 சதவீதம் கூடும், சூடு ஒன்றரை மடங்கு. வோல்ட்டேஜை 0.02 வோல்ட் இறக்கு, பத்து நிமிஷம் சினிபெஞ்ச் ஓட்டு, தொங்கலைன்னா இன்னும் இறக்கு, தொங்கினா ஒரு படி ஏத்து, கடைசியா அரைமணி நேரம் ஓட்டிப் பாரு. அப்படி இறக்கிட்டே வந்து இது 1.26ல 4.9க்கு நின்னுச்சு. ரூம் 36, சிப்பு 84. 4.9 போதாதா? அந்த 0.1ஐ வச்சு என்ன ராக்கெட்டா விடப்போறோம்?

"கூலர் நல்லா இருக்கு, சூடு கம்மி, வோல்ட்டேஜ் ஏத்தலாமே"ன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. வோல்ட்டேஜ் தனியாவும் கொல்லும். 13, 14வது தலைமுறை சிப்புகள் ஏன் செத்துச்சு? தேவைக்கு மேல வோல்ட்டேஜ் போனதாலதான். 2024 ஆகஸ்ட்ல இன்டெல் 0x129 மைக்ரோகோட்னு சிப்புக்கான ஒரு அப்டேட் விட்டு 1.55க்கு மேல கேக்காதேன்னு கடிவாளம் போட்டுச்சு. அந்த சிப்பு வச்சிருந்தா முதல்ல பயாஸை, அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல ஓடற மதர்போர்டு சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணுங்க, ஓவர்கிளாக் அப்புறம்.

பயாஸுக்குள்ள போறப்போ பவர் லிமிட்டையும், அதாவது சிப்பு எவ்வளவு மின்சாரம் வரைக்கும் தின்னலாம்ங்கிற வரம்பையும் பாருங்க. நிறைய மதர்போர்டு கேக்காமலேயே 4096 வாட்னு வச்சிருக்கும். இந்தச் சிப்புக்கு இன்டெல் சொன்னது 150. 5 ஹெச்.பி. போர்வெல் மோட்டாரே 3,730 வாட்டுங்க! கம்ப்யூட்டர் டேபிளுக்குள்ள என்ன, தென்னந்தோப்புக்குத் தண்ணியா பாய்ச்சறோம்?

தூசு பத்தி நம்ம ஊர்ல தனியா சொல்லணுமா? கிரானைட் பட்டறை பக்கத்துல வீடுன்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ப்ளோயர் அடிங்க. அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, விசிலடிக்க விட்டா பேரிங் போயிடும்.

பில்லைப் பாத்தாதான் சிரிப்பு வந்துச்சு. "பேஸ்ட் – 3"ன்னு எழுதி, சர்வீஸ் சார்ஜ் தனியா. ஃபிலிமுக்கு மட்டும் சார்ஜ் இல்லை, இலவசம்.

ஆனா யோசிச்சா அந்தக் கடைக்காரரை மட்டும் என்ன சொல்றது. புது பொருள்ல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கை உரிக்கிற பழக்கமே நமக்குக் கிடையாதே. ஃபிரிட்ஜ்ல ஸ்டிக்கர் அப்படியே. பைக் சீட்டுல கவர் கிழிஞ்சு தொங்கற வரைக்கும் அப்படியே. வீட்ல டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் கவர் போட்டு ரப்பர் பேண்டு சுத்தி வச்சிருக்காங்க, நாலு வருஷமா. உள்ள எண்ணெயும் தூசும் ஏறி எல்லா பட்டனும் ஒரே மாதிரி தெரியுது. சத்தத்தைக் கொறைக்கலாம்னு அழுத்தினா சேனல் மாறுது, ஆளாளுக்கு நம்மளையே திட்டறாங்க. அந்தக் கவரை யாராவது கழட்டித் தொலைங்கப்பா!