எத்தனை மணிக்குப் போனாளாம்?

ஞாயிற்றுக்கிழமை கூழ் பூசையில் நடந்தது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. ஒருவன் தனக்குச் செய்த பாலியல் கொடுமையை நாள் கழித்துச் சொன்ன அந்தப் பிள்ளையின் பேச்சு வந்ததும் அண்டாவைச் சுற்றி நின்றவர்கள் கேட்ட முதல் கேள்வி மட்டும் காதிலேயே நிற்கிறது: "எத்தனை மணிக்குப் போனாளாம்?" கிண்டிக்கொண்டிருந்த பெரியம்மா அகப்பையை நிறுத்திவிட்டுக் கேட்டார். கூழ் அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

அந்தக் கேள்வி நாம் நமக்கே கட்டிக்கொள்ளும் தாயத்து. பத்து மணி என்றால் நிம்மதி, நம் பிள்ளை எட்டுக்கே வீடு வந்துவிடும்.

1966இல் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் கல்லூரிப் பெண்களை உட்கார வைத்து, ஒருத்தி மின் அதிர்ச்சி வாங்குவதைக் காட்டினார்கள். நடிப்புதான், பார்த்தவர்களுக்குத் தெரியாது. அவள் வேதனை தொடரும் என்று நம்பியவர்கள் அவளையே மட்டமாக மதிப்பிட்டார்கள். நல்லவர்களுக்குக் கெட்டது நடக்காது என்று நம்பினால்தானே தூக்கம் வரும்?

நானும் யோக்கியமில்லை. 2019இல் கேப்டவுனில் பார்சல் வாங்கத் தபால் நிலையம் போன மாணவியை அங்கே வேலை பார்த்தவனே கொன்றானே, அன்று நானும் நேரத்தைத்தான் தேடினேன். பகல். அரசாங்கத் தபால் நிலையம். என் தாயத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"ஜாக்கிரதையாக இரு என்பது குற்றமா?" இல்லையம்மா. போகும் முன் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். நடந்த பிறகு சொன்னால் அதற்குப் பேர் வேறு. "இரண்டு பக்கமும் கேட்க வேண்டாமா?" கேளுங்களேன்! அவனிடம் யாராவது எத்தனை மணிக்குப் போனாய் என்று கேட்டீர்களா? "ஏன் இவ்வளவு நாள் கழித்து?" தாமதத்தை மட்டும் வைத்து நீதிமன்றம் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று 2007 பாலியல் குற்றச் சட்டத்திலேயே இருக்கிறது. நீதிபதிக்கே இல்லாத அதிகாரம் அண்டாவடியில் எப்படி வந்தது?

அப்புறம், எனக்கும் பெண் இருக்கிறதாம், பார்த்துப் பேச வேண்டுமாம். குரல் பதிவு அனுப்பியது என்னை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். சரி. நல்லா இருங்கள்.

பூசை முடிந்து ஒரு தூக்கில் கூழ் எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். என் தோளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தார். பிறகு தூக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். தூக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது.