புகையைக் கண்டவர்கள் தீயையும் காண வேண்டும்

அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஆறு பேர் 2025 ஜூலையில் அங்குள்ள கனடாத் தூதருக்கு எழுதிய கடிதத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கனடாவின் காட்டுத்தீப் புகையால் அவர்களுடைய மக்கள் கோடையை அனுபவிக்க முடியவில்லையாம். காடுகளை நாங்கள் பராமரிக்காததும், தீ வைப்பவர்களுமே காரணமாம். காலநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

புகையின் கொடுமை எனக்குத் தெரியாததல்ல. 2023 ஜூனில் கியூபெக் தீயின் புகை ரொறன்ரோவை மூடியபோது, ஆஸ்துமா உள்ள என் அம்மா சன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி செருகிய அறைக்குள் மூச்சுக்குத் தவித்தார். அப்போதும் தீ சூழ்ந்த ஊர்களின் மக்கள் மீது எங்களுக்குக் கோபம் வரவில்லை.

காடு எப்போதும் எரிந்ததுதானே என்பார்கள். எரிந்ததுதான். எங்கள் காடுகளில் வளரும் ஜாக் பைன் மரத்தின் கூம்புகள் தீயின் சூட்டில்தான் விரிந்து விதை சிந்தும். ஆனால் 2023இல் கனடாவில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஹெக்டேயர் எரிந்தது. அதற்கு முந்தைய எந்த ஆண்டிலும் அதில் பாதிக்கு மேல் எரிந்ததில்லை. பனி முன்னதாகவே உருகி, வெப்பக்காற்று சருகிலும் கரிமண்ணிலும் இருந்த ஈரத்தை உறிஞ்சிவிட்ட பிறகு, ஒரு மின்னல் போதும். அவ்வாண்டு எரிந்த பரப்பில் மிகப் பெரும்பகுதி மின்னல் மூட்டிய தீயால் எரிந்தது. தீவைப்பு என்று சொல்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

பராமரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர்களைச் சுற்றி எரிபொருளாகக் கிடக்கும் சருகையும் புதரையும் அகற்றத்தான் வேண்டும். பருவம் பார்த்துச் சிறு தீ மூட்டிக் காட்டைக் காத்த முதற்குடி மக்களின் வழக்கத்தைப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1874ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே முடக்கியது. அந்தப் பிழைக்கு அரசுகள் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் சாலையே எட்டாத வடக்குக் காடு முழுவதையும் யார் போய்த் துப்புரவாக்குவது? பராமரிப்பைப் பேசுங்கள், அதைக் காட்டிக் காலநிலையை மறைக்காதீர்கள்.

அந்தக் கடிதத்துக்குச் சில வாரங்கள் முன்புதான் கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, ஏறத்தாழ 17,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அங்கே லக் டு பொனே என்ற ஊருக்கு அருகே இருவர் தீயில் மாண்டார்கள். கோடையை இழந்ததாக வருந்தியவர்கள் இவர்களுக்காக ஒரு வரி எழுதியிருக்கலாம். மனிற்றோபாவுக்கு வந்து எங்களவர்களோடு நின்று போராடிய அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களிடமாவது, அங்கே என்ன எரிகிறது, ஏன் அணையவில்லை என்று கேட்டிருக்கலாம்.