அடுத்தவர் லைப்ரரியை உங்கள் மென்பொருளுக்குள் மூட்டை கட்டாதீர்கள்

பினாங்கில் முதுகலையோ முனைவர் பட்டமோ படித்துக்கொண்டே சொந்தமாக ஆய்வு மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளோடு அடிக்கடி பேசுவேன். கணக்கு பிரமாதமாக இருக்கும். ஆனால் மூலநிரலைத் திறந்தால் 'தேர்ட் பார்ட்டி' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே டேட்டாவைச் சுருக்கும் இசட்லிப், ஃபூரியர் கணக்குப் போடும் எஃப்எஃப்டிடபிள்யூ, அளவீடுகளைக் கோப்பில் சேமிக்கும் எச்டிஎஃப்5 என்று அடுத்தவர் எழுதிய லைப்ரரிகள், அதாவது பல புரோகிராம்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள், முழுசாக உட்கார்ந்திருக்கும். எந்த வெர்ஷன், யார் எதை மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் வராது. முந்தைய மாணவர் வைத்தது என்பார்கள்.

தயவுசெய்து இதை நிறுத்துங்கள். டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகிய லினக்ஸ் இயங்குதளங்கள் எல்லாவற்றிலும் இந்த லைப்ரரிகள் தனித்தனிப் பேக்கேஜாக, ஆள் வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. அவற்றையே பயன்படுத்துங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு மாணவிக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆய்வகச் சர்வரில் இருந்த எச்டிஎஃப்5-ஐ வைத்துத் தன் புரோகிராமைக் கம்பைல் செய்திருந்தாள். ஒழுங்காக ஓடியது. அப்புறம் அதே சர்வரில் ஒரு சிமுலேஷன் மென்பொருளை நிறுவினார்கள். பெயர் வேண்டாம். அதன் இன்ஸ்டாலர் தன் சொந்த லைப்ரரி ஃபோல்டரை, லைப்ரரிகளை எங்கே முதலில் தேடுவது என்று சொல்லும் எல்டி லைப்ரரி பாத்தில், அதுவும் எல்லோருக்கும் பொருந்தும்படி, முதலில் சேர்த்துவிட்டது. அந்த ஃபோல்டரிலும் ஒரு எச்டிஎஃப்5 இருந்தது. இரண்டுமே 1.10 வரிசை, கோப்பின் பெயரும் ஒன்றுதான். மறுநாள் அவள் புரோகிராம் தொடங்கியதுமே நின்றுவிட்டது. கம்பைல் செய்தபோது பயன்படுத்திய ஹெடர் (லைப்ரரியின் அறிவிப்புக் கோப்பு) ஒரு வெர்ஷன், இப்போது கிடைத்த லைப்ரரி வேறு வெர்ஷன், தொடர்ந்தால் டேட்டா கெட்டுப்போகலாம் என்று நீளமாக ஒரு எச்சரிக்கை.

எச்டிஎஃப்5 அந்தச் சோதனையைத் தானே செய்து நின்றது நல்லதுக்குத்தான். பல லைப்ரரிகள் அதுகூடச் செய்யாது, தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஆனால் அங்கே இருந்த ஒருவர், அந்தச் சோதனையையே அணைத்துவிடும் வழியைச் சொல்லிக்கொடுத்தார். மூன்று வருட அளவீடுகள் இருக்கும் கோப்பில் எழுதப்போகிற பெண்ணிடம்! எனக்கு ரத்தம் கொதித்தது.

பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது. இசட்லிப்பில் 2018-லேயே கண்டுபிடித்த ஒரு பழுது, சில வகை டேட்டாவைச் சுருக்கும்போது மெமரியைக் கெடுத்துவிடும். அதற்கான திருத்தம் 2022 மார்ச்சில் வந்த 1.2.12-இல்தான் வெளியானது. டெபியன் பயனர்களுக்கு ஒரு பேக்கேஜ் அப்டேட்டோடு வேலை முடிந்தது. அந்தப் பொது லைப்ரரியை நம்பியிருந்த புரோகிராம்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சரியாகின. மூட்டைக்குள் தனிப் பிரதி வைத்திருந்தவர்கள்? ஒவ்வொருவரும் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். மாற்றாதவர்கள் இன்றும் இருப்பார்கள்.

இந்தப் பேக்கேஜுகளைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2038-ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காக (32 பிட்டில் எண்ணும் நேரம் அந்த ஆண்டில் தீர்ந்துவிடும்), 32-பிட் கருவிகளில் நேரத்தை 64 பிட்டில் வைக்க 2024-இல் டெபியனும் உபுண்டுவும் நூற்றுக்கணக்கான லைப்ரரி பேக்கேஜுகளின் பெயரில் 'டி64' சேர்த்தன. அவற்றைச் சார்ந்த பேக்கேஜுகளை எல்லாம் மறுபடி கம்பைல் செய்தார்கள். எது எதை நம்பியிருக்கிறது என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. உங்கள் மூட்டைக்குள் இருக்கும் பிரதி அந்தக் கணக்கிலேயே வராது.

சரி, எதிர்வாதம் ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. "அதே வெர்ஷன் இருந்தால்தான் கட்டுரையில் வந்த அதே எண் திரும்ப வரும்." உண்மைதான். டெபியனில் மேட்ரிக்ஸ் கணக்குப் போடும் பிளாஸ் லைப்ரரியை ஒரே கட்டளையில் மாற்றலாம், சாதாரணப் பிளாஸிலிருந்து ஓபன்பிளாஸுக்குப் போனால் கூட்டும் வரிசை மாறி, கடைசி இலக்கங்களும் மாறலாம். கட்டுரைக்காக முழுச் சூழலையும் ஒரு கன்டெய்னரில், அதாவது எல்லா லைப்ரரிகளையும் சேர்த்து அடைத்த ஒரே பொதியில், உறைய வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. அது ஆவணம். மற்றவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அதுவே ஒரே வழியாக இருக்கக் கூடாது. கடைசி இலக்கம் மாறியதும் முடிவே மாறுகிறது என்றால், அது மேற்பார்வையாளருக்கு உடனே தெரிய வேண்டிய விஷயம்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. கம்பைல் வேலையை அமைக்கும் சிமேக்கில், கணினியில் இருக்கும் லைப்ரரியை எடு என்று ஒரு தெரிவு வையுங்கள். குறைந்தபட்சம் எந்த வெர்ஷன் வேண்டும் என்று எழுதுங்கள். லைப்ரரியில் நீங்கள் திருத்திய இடம் இருந்தால் அதை எழுதியவர்களுக்கே அனுப்புங்கள். கம்பைல் நடக்கும்போது இணையத்திலிருந்து எதையும் இறக்காதீர்கள், டெபியன் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. உரிமங்களையும் பாருங்கள், எஃப்எஃப்டிடபிள்யூ, பகிரும்போது மூலநிரலையும் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வருவது பலருக்குத் தெரிவதே இல்லை.

டெபியனுக்குள் இயங்கும் டெபியன் மெட் குழு 2002-இலிருந்து மருத்துவ, உயிரியல் மென்பொருள்களை இப்படி ஒழுங்குபடுத்தி வருகிறது. அதனால்தான் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வரும் மாணவர் பழைய லேப்டாப்பில் ஒரு ஏபிடி கட்டளையில் அவற்றை நிறுவ முடிகிறது. நம் பிள்ளைகள் எழுதியதும் அந்தப் பட்டியலில் வர வேண்டும் என்பது என் ஆசை.

இப்போதே உங்கள் புரோகிராமில் எல்டிடி கட்டளையை ஓட்டிப் பாருங்கள். எந்த லைப்ரரி எந்த ஃபோல்டரிலிருந்து வருகிறது என்று வரிவரியாகக் காட்டும். உங்கள் சொந்த ஃபோல்டர் அதில் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். எல்டிடியில் எதுவும் தெரியாமல் 'தேர்ட் பார்ட்டி' ஃபோல்டர் மட்டும் இருந்தாலும் சொல்லுங்கள், ஸ்டாட்டிக்காக, அதாவது உங்கள் புரோகிராம் கோப்புக்குள்ளேயே, சேர்ந்திருக்கலாம். வார இறுதியில் ஜார்ஜ்டவுனிலேயே உட்கார்ந்து சேர்ந்து பிரித்துவிடுவோம்.