அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களுக்கு

எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை. நேற்றிலிருந்து என் டைம்லைன் முழுக்க அதுதான். அந்தப் பையன் கத்துகிறான், சட்டையைக் கழற்றி எறிகிறான். அவன் அம்மா சுற்றி நிற்பவர்களிடம் "அவனுக்கு உடம்பு சரியில்லைங்க, எடுக்காதீங்க" என்று கெஞ்சுகிறார். ஒருவர்கூட போனை இறக்கவில்லை. பிறகு ஒரு பேச்சாளர் வந்து, "நோயும் இல்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் கொழுப்பு, ரெண்டு போட்டு வளர்த்திருந்தா இப்படி ஆடமாட்டான்" என்கிறார். அதற்கு என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே இதயக்குறி போட்டிருக்கிறீர்கள். மகனுக்கு பைபோலார் (மனம் சில காலம் உச்ச வேகத்துக்கும் சில காலம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகிற நோய்) என்று அந்த அம்மா எழுதிய விளக்கத்துக்குச் சிரிப்புக்குறி.

என் மகளுக்கும் பைபோலார்தான். பதினாறு வயது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பைபோலார் வளர்ப்பினால் வருவதில்லை. அடிக்காததால் வருவதில்லை. செல்லம் கொடுத்ததால் வருவதில்லை. அது மூளையைப் பாதிக்கும் நோய். பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலானவர்களுக்குப் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும்.

மேனியா, அதாவது அந்த உச்ச வேகம், வந்தபோது என் மகள் தூங்கவில்லை. தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கவில்லை, தூக்கமே அவளுக்குத் தேவைப்படவில்லை. நடு ராத்திரியில் அறைக்குள் போனால் அலமாரி காலி. உடுப்பு மொத்தமும் தரையில், நிறம் நிறமாக வரிசையாக. சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் அம்புக்குறிகள். "எனக்கு எல்லாமே புரிஞ்சிடுச்சும்மா" என்று ஆரம்பித்தாள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது, அது முடிவதற்குள் இன்னொன்று. உட்கார் என்றால் உட்கார்ந்தாள், கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. இந்தப் பெண்ணை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடி வாங்கிய வலியோடு அதே வேகத்தில் ஓடியிருப்பாள். அவ்வளவுதான்.

அதே பெண் சில வாரம் கழித்துத் தலை சீவக்கூட எழுந்திருக்கவில்லை. பின்னந்தலையில் முடி சிக்கிச் சடையாகிவிட்டது, சீப்பு இறங்கவில்லை. மடியில் படுக்கவைத்து விரலால் ஒவ்வோர் இழையாகப் பிரித்தேன். "வெட்டிடும்மா" என்றாள், அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. இதற்கு அந்தப் பேச்சாளர் வைத்திருக்கும் பெயர் சோம்பேறித்தனம்.

"இந்த வயசுல எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தானே" என்று சிலர் வருவீர்கள். நியாயமான கேள்விதான், இதற்குக் கொஞ்சம் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். பதின்ம வயதுக் கோபம் மாலையில் வந்து இரவில் போகும். கதவைச் சாத்திக்கொண்டு அழுத பிள்ளை மறுநாள் சிநேகிதியோடு சிரிக்கும். மேனியா என்று சொல்ல, அந்த மாற்றம் குறைந்தது ஒரு வாரமாவது நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போனால் அந்தக் கணக்குக்கூட இல்லை. மனச்சோர்வு என்றால் இரண்டு வாரம். மருத்துவர்களுக்கே இது சுலபமில்லை. பலருக்கு முதலில் மனச்சோர்வுதான் வரும், அதற்குரிய மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடும். அவர்களே இவ்வளவு யோசித்துச் செய்கிற ஒன்றை, முப்பது விநாடி வீடியோ பார்த்துத் தீர்த்துவிட்டீர்கள்.

"எல்லாம் செல்போன் செய்யற வேலை." 1899-லேயே எமில் கிரெப்லின் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த நோயை வகைப்படுத்தி எழுதிவிட்டார். அப்போது எந்தப் பிள்ளை கையில் செல்போன் இருந்தது? ராத்திரித் தூக்கம் கெட்டால் இந்த நோய் கிளம்பும், அதனால் என் வீட்டிலும் இரவில் போன் என் அறைக்கு வந்துவிடும். ஆனால் போனைப் பிடுங்கினால் பைபோலார் போய்விடும் என்பது பொய்.

"அப்ப கண்டிக்கவே கூடாதா?" கண்டிக்கிறேனே! பொய் சொன்னால் கண்டிக்கிறேன், படிக்காவிட்டால் கண்டிக்கிறேன். காய்ச்சலைக் கண்டிப்பதில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தப் பேச்சாளர் கடைசியில் போய் நின்றது அங்கேதான். "மருந்து கொடுத்து பிள்ளைய பொம்மை ஆக்கிடறாங்க, நிறுத்திப் பாருங்க" என்கிறார். இதே வாக்கியத்தை ஒரு பெரியம்மா என் மகளை வைத்துக்கொண்டே சொன்னார். அவள் எடுப்பது லித்தியம். 1949-லிருந்து இந்த நோய்க்குத் தெரிந்த மருந்து. தற்கொலை அபாயத்தைக் குறைக்கிற மருந்து. திடீரென்று நிறுத்தினால் நோய் மூர்க்கமாகத் திரும்பி வரும். பக்கவிளைவு இல்லையா? இருக்கிறது, உங்களைவிட எங்களுக்குத் தெரியும். என் மகள் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறாள், ஒரு கையால் பிடித்தால் நடுக்கத்தில் சிந்தும். ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று பார்க்க, கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கை நீட்டுகிறாள். தைராய்டு, சிறுநீரகம் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாந்தி பேதி வந்து உடம்பில் தண்ணீர் வற்றினால் லித்தியம் அளவு ஏறிவிடும். இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை போட்டாலும் ஏறலாம். இத்தனையும் தெரிந்துதான் தினமும் அந்த மாத்திரையை அவளே எடுத்து விழுங்குகிறாள். அவளிடம் வந்து "நிறுத்து" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

"அந்தாள் பொதுவா சொன்னாரு, உங்களச் சொல்லலயே" என்று இன்பாக்ஸில் ஒருவர். என்னைத்தான் சொன்னார். அந்த அம்மாவைச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என்னைச் சொன்னதுதான். நீங்கள் என் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், என் மகள் வரைந்த படத்தைப் பார்த்துப் பாராட்டியிருக்கிறீர்கள். உங்கள் இதயக்குறியை நான் பார்ப்பதற்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள். "அங்கிளும் அப்படித்தான் நினைக்கிறாராம்மா?" என்று கேட்டாள். நீங்களே அவளுக்குப் பதில் சொல்லுங்கள், நான் சொல்ல மாட்டேன்.

வீடியோவைப் பகிர்ந்தவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்தப் பையன் நாளைக்குக் குணமாகி வெளியே வருவான், பள்ளிக்கூடம் போவான், அவனோடு படிக்கிற எல்லோர் போனிலும் அது இருக்கும். எடுக்க மனமில்லாதவர்கள் என் பட்டியலில் இருக்க வேண்டாம். நானே நீக்குவதற்கு முன்னால் போய்விடுங்கள்.