ஸ்லோவாக்கியாவின் கார் யாருடையது?
ஐரோப்பிய நாடான ஸ்லோவாக்கியாவைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். கார் ஏற்றுமதியை மட்டும் வைத்து அந்த நாட்டைத் ‘தொழில்நுட்ப வல்லரசு’ என்று அது சொல்வது கொஞ்சம் அதிகம். சுமார் 54 லட்சம் பேர் உள்ள நாட்டிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் கார் வருவது பெரிய விஷயம்தான், சரி. ஆனால் பிராட்டிஸ்லாவாவில் ஃபோக்ஸ்வாகன், ஜிலினாவில் கியா, நித்ராவில் ஜாகுவார் லேண்ட் ரோவர் (அதாவது நம்ம டாடா) என்று எல்லாமே வெளிநாட்டு முதலாளிகள். எந்த மாடல், எந்த எஞ்சின் என்ற முடிவெல்லாம் ஃபோக்ஸ்வாகன், கியா தலைமையகங்கள் இருக்கும் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க்கிலும் கொரியாவின் சியோலிலும்தான். நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியிலும் இதே கதை. டிராயிங் வாடிக்கையாளரிடமிருந்து வரும், ஒரு போல்ட்டின் அளவைக்கூட நாங்கள் மாற்ற முடியாது. ஸ்லோவாக்கியாவின் சொந்தச் சரக்கு என்றால் ஈசெட் (ESET) என்ற மென்பொருள் கம்பெனிதான். நம்மில் பலர் கம்ப்யூட்டரில் போட்டிருந்த நாட்32 ஆன்டிவைரஸ் அவர்களுடையது. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லையே?